பச்சைக்கு முந்திய நாலு விநாடி

மூக்கையாவின் கருமாதி முடிந்த மறுநாள் மதுமதி நயினார்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில், கருவிகளை எழுப்பிவிடும் டிரைவர் புரோகிராம் எழுதுகிறவள். பம்புசெட்டில் கரண்ட் கசிந்தால் சிவப்பு, பத்திரமென்றால் பச்சை காட்டும் பெட்டி அவர்கள் சரக்கு. மூக்கையா ஷாக்கடித்துச் செத்த மோட்டார் ரூமில் தொங்கியதும் அதுதான்.

பெட்டிக்குள் ஒரு முறை உண்டு. முதலில் சென்சாருக்குக் கரண்ட். அப்புறம் ரீசெட். அது நிதானத்துக்கு வர நாலு விநாடி. முதல் அளவு கைக்கு வந்த பிறகுதான் பெட்டியை ஆளும் மூலப் புரோகிராமான கெர்னலிடம் 'தயார்' என்று சொல்லி, பச்சையைப் போட வேண்டும். மதுமதி முதலில் அப்படித்தான் எழுதியிருந்தாள்.

முதலாளி காளிதாஸுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்விட்சப் போட்டதும் லைட்டு எரியலைன்னா, சம்சாரி பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு நம்ம செலவுலயே டீயும் குடிச்சிட்டுப் போவான். மொதல்ல பச்சையப் போடும்மா. மத்ததெல்லாம் பின்னால ஓடட்டும்."

நாலு விநாடிதானே என்று அவளும் ஒரு வரியை மேலே ஏற்றினாள். சரக்கு இறங்குமுன் கடையைத் திறந்து, எல்லாம் இருக்கு வாங்க என்று கூப்பிட்ட மாதிரி. கடையிலென்றால் அசடு வழிந்து தப்பித்துவிடலாம்.

நயினார்கோவில் பக்கம் மும்முனைக் கரண்ட் வந்தால் நாலைந்து தடவை கண்ணடித்துவிட்டுத்தான் நிலைக்கும். ஒவ்வொரு தடவையும் பெட்டி செத்துப் பிழைக்கும், பச்சை முந்திக்கொள்ளும். பக்கத்து ஊரில் பிறந்தவளுக்கே மதுரை மேசையில் அது மறந்துபோனது.

பஸ் ஏறும்போதே காளிதாஸ் போனில் சொல்லியிருந்தார்: "துக்கம் கேட்டுட்டு வந்துரு. வேற பேசுனா கம்பெனியும் இருக்காது, ஒனக்கு வேலையும் இருக்காது."

மூக்கையாவின் மனைவி சண்முகவள்ளி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குடிச்சிட்டுத் தொட்டாருன்னு ஊரு பேசுது தாயி. டீக்கடையில அதே பேச்சுதான். எம் மனுசன் பச்சை எரியாமக் கை வைக்க மாட்டாரு. அந்த லைட்டையே கட்டிக்கிரும்னு நான்கூட வஞ்சிருக்கேன்."

கம்பெனிக்கு வந்துசேர்ந்த அந்தப் பெட்டியின் பதிவை மதுமதி முந்தாநாளே பார்த்துவிட்டாள்.

"அக்கா, அன்னைக்கும் பச்சை எரிஞ்சுச்சு. சென்சார் முழிக்கிறதுக்கு முந்தியே எரிஞ்சுச்சு. நாலு விநாடி. அப்படி மாத்தி எழுதுனது நான்தான்."

சண்முகவள்ளி அழவில்லை. "நாலு விநாடின்னா எம்புட்டு நேரம்?"

மதுமதி வாய்விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"நாலு," என்றாள் சண்முகவள்ளி. "அப்பப் பாத்துட்டுத்தான் தொட்டிருக்காரு."

பிறகு மதுமதியின் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பெட்டி இன்னும் எத்தன எடத்துல தொங்குது?"

"இந்த ஊர்ல மட்டும் பதினோரு எடம்."

சண்முகவள்ளி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "டீக்கடையில இப்ப ஆளு இருக்கும். வா, இதையே அங்கன வந்து சொல்லு."