மொக்கையன் பேருக்கு வந்த கார்

தேயிலை எஸ்டேட்டில் காலை ஆள்கணக்கான மஸ்டர் முடிந்து தபால் கொடுக்கும்போது ஆபீஸ் கிளார்க், "மொக்கையன்" என்று கூப்பிட்டார்.  மொக்கையன் போன மழைக்காலத்திலேயே காமாலையில் போய்ச் சேர்ந்தவன். அவன் பெண்டாட்டி பூமாரிதான் முன்னால் வந்து கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். மூலையில் நீலக் கார் படம் போட்ட அந்த நீளக் கவரைப் பார்த்ததுமே லாரி டிரைவர் ஏசுரத்தினம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். ஒன்றரை மாதத்துக்கு முன் அவனுக்கும் அதே கவர்தான் வந்திருந்தது.

பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கடிதம், இங்கிலீஷில். எட்டாவது வரை மிஷன் பள்ளியில் படித்த புண்ணியத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தான். தங்கள் நாணயத்தை அறிந்து, கார் வாங்கத் தங்கள் பேரில் கடன் ஏற்கெனவே அனுமதித்தாயிற்று, பதிவுக்கு நூற்றைம்பது ரூபாய் மணியார்டர் செய்தால் போதும் என்றிருந்தது. கார் வந்தால் சின்னக்கானலிலிருந்து மூணாறுக்கு வாடகை ஓட்டலாம், துரையின் லாரியைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். பாதி வார்த்தை புரியவில்லைதான். ஆனால் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் கடிதம் படித்துச் சொல்கிறவன், தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பான்? கௌரவம் விடவில்லை. அதோடு கவரின் மேல் எஸ்டேட் ஆபீஸின் ஊதா சீல் இருந்தது. லீவுச் சீட்டானாலும் ஆஸ்பத்திரித் துண்டானாலும் அந்த சீல் விழுந்தால் மறுபேச்சுக் கிடையாது. ஆபீசே பார்த்துச் சரி சொல்லியிருக்கிறது என்று நினைத்தான்.

அவன் பெண்டாட்டி ரோசி மட்டும் காகிதத்தை விளக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் அச்சா இருக்கு, பேரு மட்டும் மையில எழுதியிருக்காகளே. நல்லா விசாரிச்சீகளா?" என்று கேட்டாள். கொழுந்து கிள்ளுகிறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று சள்ளென்று விழுந்தான். அவள் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டாள். கம்மல் பணம் மணியார்டராகப் போயிற்று. அவள் போட்ட அவரைப் பந்தலையும் பிரித்து, கார் நிறுத்த இடம் சமன் செய்து, மண்ணை இடித்து இறுக்கினான் அவன்.

மஸ்டர் கூட்டம் கலைந்தபின் ஏசுரத்தினம் ஆபீஸ் ஜன்னலோரம் போய், செத்தவன் பேருக்கு வந்ததற்கும் எப்படி சீல் வைத்தீர்கள் என்று கிளார்க்கிடம் கேட்டான். தபால் பையில் வருகிற எல்லாக் கடிதத்திலும் வந்த தேதிக்காகக் குத்துவதுதான், உள்ளே இருப்பதை நாங்கள் எதற்குப் பார்க்கிறோம் என்று அவர் மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தார். பம்பாய்க்காரர்கள் ஏதோ பழைய ஓட்டர் லிஸ்டைப் பார்த்து எழுதியிருப்பார்கள். செத்தவனுக்கும் நாணயமாம், நாணயம். வீட்டில் எப்படிச் சொல்வது என்று நினைக்க நினைக்க அவனுக்குக் காது சுட்டது.

சாயங்காலம் பூமாரி கடிதத்தோடு வந்தாள். வாசலில் உட்கார்ந்து படித்துச் சொன்னான்.

"காரு எனக்கு எதுக்குண்ணே? அதைப் பணமாத் தருவாகளான்னு கேட்டு எழுதுங்க. கட்டச் சொல்றத எப்பாடுபட்டாவது கட்டிருதேன். ஆபீஸ் சீலுதான் இருக்கே" என்றாள்.

அடுப்படியில் ரோசியின் ஊதுகுழல் சத்தம் நின்றுபோயிற்று. ஆள் இல்லாததால் இது செல்லாது என்று ஒரு வார்த்தை சொன்னால் பூமாரியும் தப்பிப்பாள், தன் மானமும் தப்பிக்கும். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அது தபால் வந்த தேதிக்குக் குத்துற சீலு, தாயி. வேற அர்த்தமில்ல. ஒத்தப் பைசா அனுப்பாத. நான் அனுப்பி ஏமாந்துட்டேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பூமாரி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு, "அவரு பேரு இருக்குல்ல" என்று கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

ரோசி வெளியே வந்தாள்.  அவள் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. சுவரோரம் கிடந்த அவரைப் பந்தல் கம்புகளில் ஒன்றை இழுத்துக்கொண்டு போய், கார் நிற்க வேண்டிய இடத்தின் நடுவில் ஊன்றினாள். அவன் இறுக்கிவைத்த மண்ணில் கம்பு இறங்கவில்லை. மறுபடியும் ஓங்கி ஊன்றினாள்.