அறிக்கையில் முதல் பெயர்

என் தங்கை ராபா வேளாண் அலுவலகத்தில் அதிகாரி என்று சொல்லிச் சொல்லியே ஊரார் காதைப் புண்ணாக்கியவன் நான். அட்லஸ் மலைக்குத் தெற்கே, மழையை நம்பாத ஊர் எங்களுடையது. அந்தத் தங்கையே என் வயிற்றில் அடிக்க வந்து நிற்பாள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அரசாங்கம் இரண்டு மானியங்களை அறிவித்திருந்தது. டீசல் புகையை ஒழிக்க சோலார் பம்பு, தண்ணீரை மிச்சப்படுத்த சொட்டுநீர்க் குழாய். தனித்தனியாகப் பார்த்த அதிகாரிகள் இரண்டும் நல்லது என்று எழுதிவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துச் சொல்லும் வேலை ராபாவிடம் வந்தது. நானோ பம்பை நம்பி நாலு ஹெக்டேர் பொட்டலை உழுது, தர்பூசணி விதையும் வாங்கி வைத்திருந்தேன்.

நண்பகலில் வாய்க்கால் முகப்பில் நீர்ச்சபை கூடியது. தேநீரை ஊற்றிக்கொண்டே கிழவர் மோஹா சீண்டினார்.

“ஏம்மா, சூரியனுக்கும் அனுமதிச் சீட்டு எழுதப் போறியா?”

“சூரியன் தினம் வரும் மாமா. கிணத்துத் தண்ணி வருமா? டீசல் தீந்தா பம்பு நிக்கும். இந்த சோலார் பம்பு பொழுது சாயிற வரைக்கும் ஓடும். சொட்டுநீர்ல மிச்சமாகிற தண்ணிய யாரு கிணத்துலயே விடுவீங்க? கல்லுமேல கை வச்சுச் சொல்லுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முகப்புக் கல்லில் கை வைத்துப் பொய் சொன்னவனுக்கு அந்தப் பருவம் முழுக்க வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் முறை கிடையாது. என் அப்பா காலத்திலிருந்தே அப்படி ஒருத்தனும் தண்ணீர் இழந்ததில்லை.

யாரும் எழவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அதிகாரியின் அண்ணன் அல்லவா! ராபா மட்டும் பார்க்கவில்லை. போய்க் கை வைத்தேன்.

“விடமாட்டேன். நாலு ஹெக்டேர் புதுசா உழுதுட்டேன்.”

“பீத்திக்கிட்ட வாயா இது!” என்றார் மோஹா. சிரிப்பு அடங்குவதற்குள் அவரே எழுந்து வந்து கை வைத்தார். “எனக்கும் ரெண்டு இருக்கு.”

அதற்குப் பிறகு முப்பத்தொரு கைகள். ராபா ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டினாள்.

“ரெண்டும் சேந்து வந்தா ஆறு வருஷம். அப்புறம் எல்லார் கிணறும் வறண்டுரும்.”

“அப்ப ரெண்டும் வேணாங்கிறியா?” என்றேன்.

“வேணும்ண்ணே. கூடவே மூணாவதா ஒண்ணு வேணும். அது மந்திரிகிட்ட இல்ல, உங்ககிட்டதான் இருக்கு.” வாய்க்காலைக் காட்டினாள். “இதுக்கு இருக்கிற முறை பம்புக்கும் இருக்கட்டும். அவங்கவங்க முறையில மட்டும் ஓடணும். புது நிலத்துக்கு முறை கிடையாது.”

மோஹா முதலில் தலையசைத்தார். பிறகு சபையே அசைத்தது. கடைசியாக நான்.

“ஹத்தூ, உன் விதைய என்ன பண்ணப் போற?” என்று என்னைக் கேட்டார் மோஹா.

“என் வாயில போட்டு அடைச்சுக்கிறேன் மாமா.”

அவள் எழுதியபடியே, மூன்றும் சேர்ந்தால்தான் பம்பு என்று உத்தரவு வந்தது. அறிக்கையின் நகலை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். புது நிலத்துக்குத் தண்ணீர் இறைக்க இருந்தவர்கள் பட்டியலில் முதல் வரி: “ஹத்தூ, நாலு ஹெக்டேர், இதை எழுதுபவளின் அண்ணன்.”

அதைத் தலைப்பாகைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். சந்தையில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அந்த வரியைத்தான் முதலில் காட்டுகிறேன்.