மோதிரம் இறுகிய நாள்

போன வருடம் மலைச்சாலை ஓட்டத்தில் பெக்கி பாதி வழியில் சுருண்டு விழுந்தான். அதிலிருந்து அவன் மனைவி தெம்பிசாவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. "ஒரு வாய் தண்ணி குடுக்காம என் தம்பிய ஓட விட்டா மகராசி" என்று நாத்தனார் சர்ச் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். இந்த முறை அவனை விழ விடுவதில்லை என்று தெம்பிசா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

பெக்கி இந்தத் தடவை டூமாவின் 'பஸ்'ஸில் ஏறியிருந்தான். அந்த பஸ்ஸுக்குச் சக்கரம் கிடையாது. டூமா கொடியோடு முன்னால் ஓடுவார். அவர் ஓடு என்றால் ஓடி, நட என்றால் நடந்து, பாடிக்கொண்டே ஒரு கூட்டம் பின்னால் வரும். தெம்பிசா காரில் முந்திப் போய், உப்பு போட்ட உருளைக்கிழங்கும் தண்ணீர்ப் பாக்கெட்டுமாக வளைவுக்கு வளைவு நின்றாள்.

"கிழங்கு வேணாம், வயிறு திம்முனு இருக்கு" என்றான் பெக்கி.

"அப்ப தண்ணியாவது குடிங்க. இன்னொண்ணு. ம், குடிங்க!"

டூமா திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, போன வருஷம் இவன் விழுந்தது தாகத்துல இல்ல, ஆரம்பத்துலயே பறந்ததால. தாகம் எடுத்தா அவனே கேப்பான், விடு."

"நீங்க கொடியப் புடிங்கண்ணே, என் வீட்டுக்காரர நான் பாத்துக்கறேன்!"

பஸ்ஸே சிரித்தது.

மதியத்துக்கு மேல் பெக்கி பஸ்ஸை விட்டுப் பின்தங்கினான். முகம் உப்பியிருந்தது. எப்போதும் கழன்று விழுவதால் நூல் சுற்றிவைத்திருந்த கல்யாண மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது. ஆள் வாடவே இல்லை என்று அந்தப் பைத்தியக்காரிக்குச் சந்தோஷம். இன்னும் இரண்டு பாக்கெட் குடிக்க வைத்தாள்.

கடைசி மேட்டில் அவன் அவள் எதிரிலேயே நின்று கேட்டான்: "அக்கா, தெம்பிசா வந்தாளா?"

அவளுக்கு உயிரே நின்றுவிட்டது. அடுத்த நொடி அவன் விழுந்தான்; கை கால் வெட்டி இழுத்தது.

மருத்துவக் கூடாரத்தில் அவன் வாயருகே அவள் கொண்டுபோன பாக்கெட்டை டாக்டரம்மா தட்டிவிட்டாள்.

"தண்ணி குடுக்காதீங்க!"

"தாகத்துல துடிக்கிறார் டாக்டர்!"

"தாகமா? இந்த மோதிரத்தப் பாருங்க. மூளையும் இப்படித்தான் வீங்கியிருக்கு. குடிச்ச தண்ணியில ரத்தத்துல உப்பே நீர்த்துப் போச்சு. யாரு இவருக்கு இவ்வளவு குடுத்தது?"

நான்தான், இந்தக் கையால்தான் என்று தெம்பிசாவின் நெஞ்சு அலறியது. அவர்கள் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள். வெளியே ஓட்டம் முடிந்ததற்கான துப்பாக்கி வெடித்தது. அது அவள் காதில் விழவே இல்லை.

வெகுநேரம் கழித்து அவன் கண் திறந்தான். "தெம்பிசா..."

பெயர் சொல்லிவிட்டான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாக்கு ஒட்டுது. ஒரு வாய் தண்ணி குடேன்."

அவள் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள். "தர மாட்டேன்."

கூடார வாசலில் நாத்தனார் அப்போதுதான் வந்து நின்றாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று தெம்பிசா இன்னும் உரக்கச் சொன்னாள்:

"டாக்டர் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டுகூடத் தர மாட்டேன்!"