வில்லுக்கத்திக்கு இங்கிலீஷில் என்ன?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பழைய மடக்குக்கத்திக் கம்பனி ஒன்றின் வரலாற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். பெயர் பெல்டன். (கம்பனியும் பெயரும் என் கைச்சரக்கு. தேடிக் களைக்காதீர்கள்.) முதல் வரி இப்படி இருந்தது:

‘1871இல் ஷெஃபீல்டிலிருந்து கப்பலேறிய கத்தித் தொழிலாளர்கள் சிலர், நியூயோர்க் மாநிலத்தின் ஆற்றங்கரை ஒன்றில்...’

இந்த இடத்தில் பியற்றிஸ் உள்ளே வந்தாள். வந்தவள் போவதாயில்லை.

2

பியற்றிஸ் மன்னாரில் பிறந்தவள். லண்டன் டூட்டிங்கில் வீடு, பாடசாலைச் சமையலறை ஒன்றில் வேலை. 2008 கோடையில், ரயில் நிலைய வாசலில் பொலிஸ் வைத்திருந்த சோதனை வளைவுக்குள்ளால் போனாள். வளைவு கத்தியது. காரணம், கைப்பைக்குள் இருந்த கத்தி. (இந்தச் சிலேடையை வெட்டலாமா என்று ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.) அப்பிள் வெட்டுவதற்காகப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கிய பெல்டன் கத்தி அது.

பொலிஸ் நிலையத்தில், போனில் ஒரு சென்னை மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார்.

“இது என்ன கத்தின்னு கேக்கறாங்க.”

“வில்லுக்கத்தி.”

“வில்லுன்னா... ஸ்பிரிங்கா?”

“ஓம். வில்லுத்தான் இழுக்கும்.”

எங்கள் ஆட்களுக்கு மடக்குகிற கத்தி எல்லாமே வில்லுக்கத்திதான். பாவம், அந்த மனிதருக்கு அது தெரியாது. பொத்தானை அமுக்கினால் பாய்கிற கத்தி என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். அந்த மாதிரிக் கத்தியைக் கொண்டு திரிவதே இங்கே குற்றம்; சின்ன மடக்குக்கத்தி என்றால் பரவாயில்லை.

அடிக்குறிப்பு: பொத்தான் இல்லையென்று பார்த்தாலே தெரியாதா என்கிறீர்களா? நானும் கேட்டேன். அலகைப் பாதி திறந்தால், மீதியைப் பிடியின் முதுகிலுள்ள வில்லு ‘டக்’கென்று இழுத்துக்கொள்ளும். பொலிஸ்காரர் அந்த ‘டக்’கைக் கேட்டார். அதற்குப் பிறகு யார் சொன்னதையும் கேட்கவில்லை.

3

குற்றத்தை ஒத்துக்கொண்டால் எச்சரிக்கையோடு விடுகிறோம் என்றார்கள். ஆனால் அது பொலிஸ் பதிவில் ஏறும். ஏறினால் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை இருக்காது. பியற்றிஸ் மாட்டேன் என்றாள். கத்தியை வைத்துக்கொண்டு, இன்னொரு நாள் வரச்சொல்லி அனுப்பினார்கள்.

அவள் நூலகத்துக் கணினியில் பெல்டனைத் தேடினாள். 1930களின் பஞ்ச காலத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் பொத்தான் கத்தி கேட்டு நின்றார்களாம். கடைசி முதலாளி மறுத்துவிட்டாராம். கம்பனியே மூடப்பட்டதாம். [கதைக்கு வசதியாக அமைந்துவிட்டது, இல்லையா? எனக்கும் உறுத்துகிறது. மறுத்தது கொள்கையாலா, புது மெஷின் பூட்டுகிற சோம்பலாலா, அல்லது...] விடுங்கள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

“இஞ்சருங்கோ, பெல்டன் ஒருநாளும் பொத்தான் கத்தி செய்யேல்லை. போய்ச் சொல்லப்போறன்.”

கணவர் பஸ்தியாம்பிள்ளை தலையில் கை வைத்தார். “உம்மடை கம்பனிச் சரித்திரம் ஆருக்கு வேணும்? இந்தமுறை பேனாக்கத்தி எண்டு சொல்லும். எல்லாருக்கும் விளங்கும்.”

“அண்டைக்கு ஒண்டு, இண்டைக்கு ஒண்டு சொன்னா என்னைக் கள்ளி எண்டெல்லோ நினைப்பினம்? நான் சொன்னது பிழையில்லை. அவைக்கு விளங்கினதுதான் பிழை.”

“விசர்க்கதை கதையாதையும்! வேலை போச்செண்டால்?”

“போகட்டும். பேரை மாத்தமாட்டன்.”

பயமில்லாமல் சொன்னாள் என்று எழுதினால் அது பொய். பஸ்தியாம்பிள்ளை அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். குறித்த நாளில் அவரும் ஷிப்டுக்குப் போகாமல் கூடவே வந்தார்.

4

முடிவு அ: பெல்டன் கதையைக் கேட்டு அதிகாரி கண்கலங்கி... (சும்மா இருங்கள். கத்திக் கம்பனி வரலாறு கேட்டு எந்தப் பொலிஸ்காரர் உருகினார்?)

முடிவு ஆ: “பேனாக்கத்தி” என்கிறாள், வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல முடிவுதான், எழுதியும் பார்த்தேன். அந்தச் சொல்லை அவள் வாயில் வைக்க என்னால் முடியவில்லை.

ஆகவே இதுதான் மிச்சம். பஸ்தியாம்பிள்ளை வெளியே இருக்கிறார். உள்ளே ஒலிப்பதிவு ஓடுகிறது. இந்தமுறை மொழிபெயர்ப்பாளர் நேரிலேயே வந்திருக்கிறார். அதிகாரி கத்தியை மேசையில் வைத்து, உங்கள் மொழியில் இது என்ன என்று கேட்கிறார்.

“அண்டைக்குச் சொன்னதுதான். வில்லுக்கத்தி.”

மொழிபெயர்ப்பாளரின் நாற்காலியில் இருப்பது நீங்கள். அந்த அறையில் அவளைத் தவிரத் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதிகாரி உங்கள் முகத்தைப் பார்க்கிறார். பியற்றிஸும் பார்க்கிறாள்.

சொல்லுங்கள்.