நாலாம் மாடியின் வாய்

தம்பியின் வாயைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை. பஸ்ஸின் முதுகில், பாலத்துத் தூணில், கல்லூரி மேசையில், கடைவாசலில் தொங்கும் கறுப்பு பனியனில் என்று எங்கே திரும்பினாலும் அந்த வாய் ‘ஆ’வென்று திறந்து கிடந்தது. மேல்வரிசையில் ஒரு பல் ஓரம் உடைந்திருக்கும். இடது பக்கம் உதடு மட்டும் ஈரத்தில் இழுபட்ட மை மாதிரி பிசிறிக்கொண்டு போகும். ‘நாலாம் மாடி’ என்ற ராக் பேண்டின் சின்னம் அதுதான். சுவரொட்டியில் பெயரைப் போடுவதையே அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். வாய் போதும்.

அந்த பேண்டின் பாடகன் தம்பி, சின்னத்தைச் செய்தவள் அவன் அக்கா. அவளுக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் பேண்டில் அவளைவிட வயதில் மூத்த டிரம்காரரே “அக்கா, அக்கா” என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அந்தப் பெயருக்கு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது சோப்பு உறைகளும் பிஸ்கட் டப்பாக்களும் வடிவமைக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. ஒருநாள் மத்தியானம் தம்பி கையில் ஒரு படத்தோடு வந்து நின்றான். மண்டை ஓடு. அதற்கு இரண்டு சிறகு. பல்லுக்கு நடுவில் ஒரு கிட்டார். கீழே பேண்டின் பெயர் முள்ளுமுள்ளாக எழுதியிருந்தது, எழுதினவனாலேயே படிக்க முடியாத மாதிரி.

“மண்டை ஓட்டுக்கு ஏண்டா ரெக்கை?”

“பறக்கும்.”

“பறந்து எங்க போகும்?”

ஊரில் இருந்த பேண்டுகள் எல்லாவற்றிடமும் ஆளுக்கொரு மண்டை ஓடு இருந்தது. மீதி இருந்தவர்களிடம் மின்னல் இருந்தது. கூட்டத்தில் கடைசியில் நிற்கிறவனுக்கு அது மண்டை ஓடா மாங்கொட்டையா என்று தெரியப்போவதில்லை. அக்கா அந்தப் படத்தைத் திருப்பி அவன் கையிலேயே கொடுத்தாள். “உன்கிட்ட இருக்கறது ஒன்னே ஒன்னு. தொண்டை. அதைக் காட்டு,” என்றாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அழ ஆரம்பித்தால் தெருவில் போகிற வண்டிகள் ஒதுங்கி வழிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ‘சைரன்’ என்ற பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். பின்னால் ரசிகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, “கண்ணாடியில மூஞ்சிய வச்சுக் கத்து,” என்றாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைப் பிளந்தான். விளக்கு கீழே ஓடியதும் அந்தச் சூடு மூக்கில் கூசியதோ என்னவோ, பாதியில் சிரித்துத் தொலைத்தான். “ஆடாதடா எருமை!” என்று தலையில் ஒன்று போட்டாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி சிரித்தான். ஒரு கட்டுக் காகிதம் போயிற்றே தவிர அசையாமல் ஒரு காப்பி வரவில்லை.

கடைசியில் முதலில் வந்த காகிதத்தையே எடுத்துக்கொண்டாள். அதைக் காப்பி எடுத்தாள், அந்தக் காப்பியைக் காப்பி எடுத்தாள். அப்படியே எடுத்து எடுத்துச் சாம்பல் நிறமெல்லாம் செத்து, கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சின. சிரிப்பில் ஆடிய இடம் உதட்டோரத்தில் பிசிறாக நின்றுவிட்டது. அதைச் சுத்தம் செய்யச் சொன்னார் கடைக்காரர். அவள் தொடவில்லை. சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள், நின்றது. சுவரில் ஒட்டிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள், அப்போதும் நின்றது. வாய் பெரிதாகும்போது கத்தியது, சின்னதாகும்போதும் கத்தியது. அம்மா மட்டும், “ஊருக்கே உள்நாக்கைக் காட்டறான். அன்னிக்கு பல்லாவது தேச்சானா?” என்று கேட்டாள்.

அந்த வாயில்தான் இப்போது புற்றுநோய்க்காகக் கத்தி வைத்திருந்தார்கள். நாக்கில் ஒரு பக்கமும் தாடையில் கொஞ்சமும் போய்விட்டன. மிச்சமிருந்ததைத் தைத்து ஒரு பக்கமாக இழுத்து முடிந்திருந்தார்கள். விரல் நுழையும் அளவுக்குத் திறக்கும், அவ்வளவுதான். பேச்சு வராது. பாட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. வெளியே யாருக்கும் தெரியாது. சைரன் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறார் என்று மேனேஜர் அறிவித்திருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தது பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த சொந்தப் பெயரில்.

டிரம்காரர் ஒரு பையோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர், நல்ல செய்தி கொண்டுவந்திருப்பதாக நினைத்துக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் பெரிய கச்சேரி, அவனுக்காகவே. மேடையின் வாசலையே அந்த வாய் மாதிரி செய்கிறார்கள், இரண்டு ஆள் உயரம். அதற்குள்ளிருந்துதான் எல்லாரும் வெளியே வரப்போகிறார்கள். வரைபடத்தைப் போர்வையின் மேல் விரித்தார். புது பனியனை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அளவு பார்த்தார். தம்பி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவர் போனதும் பனியனைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். குழந்தைகள் எழுதி அழிக்கிற பிளாஸ்டிக் சிலேட்டை எடுத்து எழுதினான்.

“இந்தப் படத்துல வாய மூடிடுக்கா.”

“எதுக்குடா?”

“எங்க பாத்தாலும் அது கத்துது. என்னால முடியல.” அழித்துவிட்டு மறுபடி எழுதினான். “நீதானே செஞ்ச. நீயே மூடு.”

அக்கா, “சரிடா,” என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவன் கேட்டு அவள் இல்லை என்று சொன்னது அந்தச் சிறகு ஒன்றைத்தான்.

வீட்டுக்கு வந்து வரைந்து பார்த்தாள். மூடிய வாய் என்றால் ஒரு கோடு. வளைத்தால் சிரிக்கிறது, நிமிர்த்தினால் முறைக்கிறது. சுவரில் ஒட்டி எட்ட நின்று பார்த்தால் சுவரில் விரிசல் விட்ட மாதிரி இருக்கிறது. இது தேறாது என்று தொழில் தெரிந்த கண் அவளுக்குச் சொன்னது. தேறாவிட்டால் என்ன, தம்பி கேட்கிறானே. இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு பேண்டின் அலுவலகத்துக்குப் போனாள்.

டிரம்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். “என்ன அக்கா இது, தபால் பெட்டியா?”

அவள் தம்பி கேட்டதைச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு சட்டையில் கண்ணைத் துடைத்தார். யாராவது ஒருவன் எரிந்து விழுந்திருந்தால் அவளும் நாலு வார்த்தை பதிலுக்குக் கொடுத்திருப்பாள். எல்லாரும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள்.

மேனேஜர் தணிந்த குரலில்தான் பேசினார். “அக்கா, அந்தச் சின்னம் இப்ப நம்ம கையில இல்ல. பாட்டு வெளியிடற கம்பெனியோடது. மேடை வேலை பாதி முடிஞ்சாச்சு. அவங்க கால்ல விழுந்து நான் நிறுத்தறேன்னே வச்சுக்குங்க. தோள்ல பச்சை குத்திக்கிட்டவங்கள என்ன செய்யறது? ஒவ்வொருத்தர் தோளா போய் அழிக்க முடியுமா?”

“அவன் கேக்கறானே,” என்றாள் அக்கா. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு எழுந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் மழை பிடித்தது. சிக்னலில் நின்ற பஸ்ஸின் மூடிய கண்ணாடியில் ஒரு சின்னப் பெண் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். ஒரு வட்டம், அதற்குள் ஒரு உடைந்த பல், ஓரத்தில் மூன்று இழுப்பு. அவ்வளவு சுலபம் அது. யார் வேண்டுமானாலும் வரையலாம், அக்கா அதற்குத்தான் அன்றைக்கு அவ்வளவு மெனக்கெட்டாள். கையை நீட்டித் துடைத்துவிடலாமா என்றிருந்தது. கண்ணாடி உள்பக்கம் அல்லவா பனித்திருக்கிறது. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

அறைக்குள் நுழைந்து, “பேசிட்டு வந்திருக்கேன், யோசிக்கறாங்க,” என்றாள். கூடப் பிறந்தவனிடம் பொய் சொன்னால் அது வாசலைத் தாண்டுவதற்குள் அகப்பட்டுவிடும். அவன் அவள் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தான். தபால் பெட்டி அவனுக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, கண் ஒரு கணம் சிரித்தது. பிறகு எழுதினான்.

“வரையாத. முன்ன மாதிரி காப்பி எடு.”

“எதை?”

அவன் தன் வாயைத் தொட்டுக் காட்டினான்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், ரிப்போர்ட் காப்பி எடுக்கிற ஒரு சின்ன அறை உண்டு. அங்கே இருந்த பெண் முதலில் திகைத்தாள். “மூஞ்சியையா? எல்லாரும் ரிப்போர்ட்டுதான் கொண்டுவருவாங்க.” பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள், கண்ணாடியைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். தம்பி குனிந்து கன்னத்தை வைத்தான். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெதுவாகப் போயிற்று. அக்காவின் கை தானாகவே அவன் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது, அடிக்கவா தடவவா என்று அவளுக்கே தெரியவில்லை.

காகிதம் வெதுவெதுப்பாக வெளியே வந்தது.

“எவ்வளவு தெளிவா வந்திருக்கு பாருங்க!” என்றாள் அந்தப் பெண். “சும்மா ஒரு அட்டைய வச்சாலே கைபட்டு ஆடிடும். இவர் கொஞ்சம்கூட ஆடல.”

ஒரு பிசிறுகூட இல்லை. தையல் ஒவ்வொன்றும் எண்ணலாம் போலத் தெரிந்தது. அன்றைக்கு ஒரு நொடி சும்மா இருக்கத் தெரியாதவன், இன்றைக்கு யாரும் அதட்டாமலே அசையாமல் இருந்திருக்கிறான். அக்கா காகிதத்தைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண்ணுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கைக்கடிகாரத்தை மேலே தள்ளி மணிக்கட்டை நீட்டினாள். பச்சை குத்திய வாய் அங்கேயும் திறந்திருந்தது. “மனசு சரியில்லன்னா நான் இவரு பாட்டுதான் போடுவேன் அண்ணா. சைரன். கேட்டிருக்கீங்களா?”

தம்பி தலையசைத்தான், கேட்டிருக்கிறேன் என்று.

“அவருக்கும் ஏதோ தொண்டை சரியில்லையாம். அடுத்த மாசம் கச்சேரிக்கு எப்படியும் வந்துடுவார். நான் முதல் வரிசையில நிப்பேன்.”

அவன் குனிந்து அந்த மணிக்கட்டை வெகுநேரம் பார்த்தான். உதட்டோரப் பிசிறை விரலால் காட்டினான்.

“அது தப்பா விழுந்ததில்ல அண்ணா. வேணும்னே அப்படிப் போட்டிருக்காங்க. வாயிலேர்ந்து நெருப்பு வருது.”

நெருப்பு இல்லை அம்மா, சிரிப்பு. இவன் சிரித்தது. அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தம்பி அவளைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தான். விழுங்கிக்கொண்டாள்.

அவன் சிலேட்டில் “அழகா இருக்கு” என்று எழுதி அந்தப் பெண்ணிடம் காட்டினான். அவள் முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு அவன் அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதி அக்காவின் பக்கம் திருப்பினான்.

“விட்டுடுக்கா.”

யார் யாரிடமோ போய் நின்றவளுக்கு இதோடு பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அவன் கேட்ட ஒன்றைச் செய்ய முடியாமல், அவனே அதை விட்டுக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவனுடைய இந்த வாயைப் போட்டு ஒரு பனியனும் யாரும் அடிக்கப்போவதில்லை.

அந்தப் பெண் மெஷினின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உற்சாகமாகக் கேட்டாள். “இன்னும் எத்தனை காப்பி வேணும் அக்கா?”

“ஒன்னு போதும்மா,” என்றாள் அக்கா.