எதிரி பெயர் மதிவதனி

எல்மோரா கார் ஷோரூமில் மதிவதனிக்குக் கொடுத்திருந்த வேலை போன் பேசுவது. வண்டி நன்றாக ஓடுகிறவர்களைக் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும். ஒர்க் ஷாப்பில் வண்டி கிடக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டும். முதல் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டாவது சாயங்காலம் வரை இழுக்கும்.

அந்தத் திங்கட்கிழமை மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. எல்மோரா தொடங்கி எழுபது ஆண்டு நிறைகிறதாம். ஞாயிற்றுக்கிழமை விழா. வருகிற ஓனர்களுக்கெல்லாம் எல்மோரா முத்திரை போட்ட பீங்கான் கப்பு. உள்ளூர்ச் சூளையில் சுட்ட கப்புகள், வைக்கோல் திணித்த பெட்டிகளில் வந்து அவள் மேசைக்குக் கீழே கால் நீட்ட இடமில்லாமல் அடுக்கிக் கிடந்தன.

கம்மாபுரம் கொளஞ்சியப்பனைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டுக் கடைசியாகத்தான் கூப்பிட்டாள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பணத்தில் எல்மோரா நோவா வாங்கியவர் அவர். மனைவி அமிர்தத்தை மாதம் இரண்டு தடவை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது, அதற்காக வாங்கினார். வாங்கிய வருஷமே கியர் இரண்டில் விழுந்தால் திரும்பி வராமல் போனது. மழைக்கு முன்னால் ஒர்க் ஷாப்புக்கு வந்த வண்டி, மழை முடிந்து வெயில் வந்தும் பின்பக்கம் வேப்பமரத்தடியிலேயே நின்றது. காலையில் முதலில் வந்து பின்பக்கத்து கேட்டைத் திறக்கிற மதிவதனி தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவாள். அதன் மேலே சருகும் எச்சமும் கொட்டி, என்ன நிறம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

"சார், எல்மோராவுலேருந்து மதிவதனி பேசுறேன்."

"தெரியுது, சொல்லும்மா."

"நம்ம எல்மோராவுக்கு எழுபது வயசு ஆவுது சார். ஞாயித்துக்கிழமை விழா. நீங்க குடும்பத்தோட வரணும். எல்லாருக்கும் ஒரு கப்பு குடுக்குறோம்."

"காரக் கேட்டா கப்பு குடுக்குறீங்க. சரி, கியர் பாக்ஸு என்னாச்சு?"

"இந்த வாரம் வந்துடும் சார்."

அந்தப் பக்கம் அவர் ஒரு மிடறு டீயோ தண்ணீரோ குடித்தார்.

"நானே ஒன்னக் கூப்புடணும்னு இருந்தேன். ஒரு சேதி. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிட்டேன்."

"யார் மேல சார்?"

"ஒம் மேலதாம்மா."

மதிவதனிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அது நின்றுவிட்டது.

"எதிரி பேரு, ஊரு எல்லாம் எழுதணும். கம்பெனி மொதலாளி பேரு எனக்குத் தெரியாது. வாரா வாரம் போன் பண்ணி எல்மோராவுலேருந்து மதிவதனி பேசுறேன், மதிவதனி பேசுறேன்னு சொல்றது நீதான். எனக்குத் தெரிஞ்ச ஒரே பேரு அதான். எழுதிட்டேன். ஒம் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லம்மா, நீ வருத்தப்படாத."

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கம் புதிதில்லை. திருட்டு, பாகத் தகராறு, ஏமாற்று எதுவானாலும் சாமிக்கு மனுவாக எழுதி, இன்னார் மேல் என்று பெயர் போட்டு, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துத் தீர்த்துவிடும் என்பது நம்பிக்கை. மனசு மாறினால் கட்டியவரே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து வாபஸ் வாங்க வேண்டும். எதிரி போய் எடுக்க முடியாது.

இதை வீட்டில் சொல்லாமலே இருந்திருக்கலாம். சாப்பிடும்போது, அம்மாவைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்துச் சொன்னாள். அம்மா பாஞ்சாலை கையிலிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

"விளையாட்டா இருக்குதா ஒனக்கு? ஒங்க பெரியம்மா நகை காணாமப் போனப்ப கட்டுனோம். எடுத்தவன் தானா வந்து வாசல்ல வச்சிட்டுப் போனான். அவன் கை இன்னிக்கும் நேரா இல்ல."

"அவன் எடுத்தான்மா. நான் என்ன எடுத்தேன்?"

"அத நீ சாமிகிட்ட சொல்லு. திட்டக்குடிக்காரங்க தை பொறந்தா பொண்ணு பாக்க வரேன்னு சொல்லியிருக்காங்க. பொண்ணு மேல பிராது இருக்குதுன்னு அவங்க காதுல வுழுந்தா வூட்டுப் படி ஏறுவாங்களா? அதுக்குள்ள அத எடுக்க வச்சிடு."

மதிவதனி இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பவில்லை என்றுதான் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் கடைத்தெருவில் தண்ணீர் லாரி ஒன்று உரசினாற்போல் போனபோது ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு வளையல் கடையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். லாரி உண்மையிலேயே அவ்வளவு பக்கத்தில் வந்ததா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் கொளஞ்சியப்பனைக் கூப்பிட்டாள். எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூடச் சமயத்துக்கு வரவில்லை.

"சார், அந்தப் பிராத எடுத்துடுங்க. நான் மாசச் சம்பளத்துக்குப் போன் பேசுறவ சார்."

"எனக்கும் உறுத்தலாத்தான் இருக்குது. வூட்ல அமிர்தமும் திட்டுறா, பொட்டப்புள்ள பேர எழுதிட்டு வந்து நிக்கிறியேன்னு. நீ ஒண்ணு பண்ணு. வேற பேரு குடு. ஒன்னுத எடுத்துட்டு அத எழுதிடறேன்."

"கம்பெனின்னே எழுதிடுங்களேன் சார். எல்மோரான்னு."

"கம்பெனின்னு எழுதுனா சாமி எங்கம்மா போயித் தேடும்? ஆளு வேணும். வெள்ளிக்கெழம கோயிலுக்கு வரேன், வந்து பேரச் சொல்லு."

பெயர்தானே, கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் மதிவதனி நினைத்தாள். விழாவுக்காக வந்திருந்த வழவழப்பான புத்தகம் ஒன்று மேசையில் கிடந்தது, 'எழுபது ஆண்டு நம்பிக்கை' என்று. அதில் வராத பெயரா?

முதல் பக்கத்தில் நிறுவனர்கள் இருவரும் மாலையோடு இருந்தார்கள். சென்னைக்கு வெளியே தகரக் கொட்டகையில் லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி. பிறகு சாவரின் என்ற காரைச் செய்தார்கள். மருத்துவர், மிராசுதாரர், கலெக்டர் எல்லாரும் வைத்திருந்த கார். வாங்க வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருமுறை பிரேக்கில் குறை வந்தபோது, விற்ற வண்டிகளையெல்லாம் தம்பி தன் செலவில் திரும்ப வரவழைத்துச் சரிசெய்து கொடுத்தாராம். 'உங்கள் வண்டி, எங்கள் பெயர்' என்று அந்தக் காலத்து விளம்பரம். அந்தப் பக்கத்தை மட்டும் அவள் இரண்டு தடவை படித்தாள். இருவரும் செத்து ரொம்ப நாளாகிறது.

அடுத்தது மகன்கள். அவர்களுக்குள் சண்டை என்பதைப் புத்தகம் 'புதிய திசைகள்' என்று சொன்னது. பிறகு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பாதியை வாங்கியது. அந்தக் கம்பெனியை இன்னொன்று வாங்கியது. அது தொழிற்சாலையைத் தான் வைத்துக்கொண்டு எல்மோரா என்ற பெயரை மட்டும் வேறொருவருக்கு விற்றது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோது வரவேற்பறையில் மாட்டியிருந்த தலைவரின் படம் மாறி, அடுத்தவர் படம் வந்து, இப்போது ஆணி மட்டும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'தற்காலிகப் பொறுப்பு' என்று போட்டு ஒரு கையெழுத்து. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோடு மாதிரி போனதே தவிரப் பெயராக வரவில்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒர்க் ஷாப் மேனேஜர் திருமாலிடம் போனாள். அவர் வேலை விவரம் எழுதிய ஜாப் கார்டுகளுக்கு நடுவில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"எழுபது வருஷத்துல எல்மோராவக் கோர்ட்டுக்கு இழுத்தவங்க உண்டு. சாமிகிட்ட இழுத்தது நம்மாளுதான்."

"சார், அந்தக் கியர் பாக்ஸ யாரு நிறுத்தி வச்சிருக்காங்க? அத மட்டும் சொல்லுங்க."

"கம்பெனி போர்ட்டல். கம்ப்யூட்டர்ல பாத்தா பரிசீலனையில இருக்குதுன்னு காட்டுது."

"யாரு பரிசீலிக்கிறாங்க?"

"போர்ட்டல்தான். வேணும்னா அது மேல கட்டச் சொல்லு." சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்து டப்பாவை மூடினார். "இங்க பாரு மதி. கியர் பாக்ஸ எல்மோரா செய்யறதே இல்ல. வேற கம்பெனிகிட்ட வாங்கினாங்க. அவனோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. நோவாவையே நிறுத்தப் போறாங்க. அது வராது."

"வராதா? நான் வாரா வாரம் வந்துடும்னு சொல்றேனே சார்."

"வராதுன்னு சொல்லக் கூடாதுன்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. சொன்னா பணத்தத் திருப்பிக் கேப்பாங்க. நானும் அந்த மாதிரி எட்டுப் பத்துப் பேருக்குப் பதில் சொல்லிட்டுத்தான இருக்கேன்?" அவர் கை கழுவப் போனவர் பாதி வழியில் திரும்பினார். "எம் பேரக் குடுத்துடாத தாயி. சின்னப் புள்ளைங்க வச்சிருக்கேன்."

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு மணவாளநல்லூர் போனாள். கொளஞ்சியப்பன் முன்னாலேயே வந்து, கோயிலுக்கு வெளியே சாமான் விற்கும் கடை நிழலில் நின்றிருந்தார். போனில் கேட்ட குரலுக்கு அவள் பெரிய உருவமாக நினைத்திருந்தாள். மெலிந்த ஆள், துவைத்து மஞ்சளான வெள்ளைச் சட்டை. அவரைப் பார்த்ததும் 'சார்' வாயில் வரவில்லை.

"நான்தான் மதிவதனிங்க மாமா."

"அட, இம்மாம் சின்னப் புள்ளையா நீ? போன்ல பெரிய ஆபீசரு மாதிரி பேசுற. சாப்ட்டியா?"

"ஆச்சுங்க. அத்தை வரலீங்களா?"

"நேத்துத்தான் பாண்டிக்குப் போயிட்டு வந்தோம். ரெண்டு பஸ்ஸு மாறி, கடலூர்ல ஒக்கார எடமில்லாம நின்னுக்கிட்டே வந்தா. இன்னிக்கு எழுந்திரிக்கல." அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

உள்ளே அழைத்துப் போய் வேலைக் காட்டினார். வேல் தெரியாதபடி காகிதம். சுருட்டிக் கட்டிய மனுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, காற்றில் சரசரத்துக்கொண்டிருந்தன. இதில் எங்கோ தன் பெயரும் இருக்கிறது என்று அவள் மேலிருந்து கீழே வரை தேடிப் பார்த்தாள்.

"என்னன்னு எழுதுனீங்க மாமா?"

"நடந்ததத்தான் எழுதுனேன். கொளஞ்சியப்பா, நான் பணம் முழுசாக் கட்டி வாங்குன வண்டி நிக்கிது. இன்னாரு எனக்கு வாரா வாரம் வந்துடும் வந்துடும்னு சொல்லி ஏய்க்கிறாங்க. நான் அத நம்பி வேற வழி பாக்காம ஒக்காந்திருக்கேன். நீ விசாரின்னு."

ஆள் தெரியாமல் தன் பெயரை எழுதிவிட்டார் என்றுதான் இத்தனை நாளாக மதிவதனி நினைத்திருந்தாள். முதலாளி பெயர் தெரியாதது உண்மைதான். ஆனால் மனுவில் எழுதியிருந்த காரியத்தைச் செய்தவள் அவள்தான். நிறுவனர்கள் செய்யவில்லை, அவர்கள் மகன்கள் செய்யவில்லை, பெயரை வாங்கியவர்கள் செய்யவில்லை. தெரியாமல் சொன்னது ஒரு கணக்கு. செவ்வாய்க்கிழமை திருமால் சொன்ன பிறகு, புதன், வியாழன் இரண்டு நாளும் மற்ற ஓனர்களிடம் அதையே சொல்லியிருந்தாள். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த இடத்தில் நின்று அப்படிச் சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"சரி, பேரு கொண்டாந்தியா?" என்றார் கொளஞ்சியப்பன்.

திருமாலின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் முடிந்தது. அம்மா நிம்மதியாகத் தூங்குவாள்.

"இல்லீங்க மாமா. தேடிப் பாத்துட்டேன். இன்னாருன்னு சொல்ற மாதிரி அங்க யாரும் இல்ல."

"அப்ப என்னா பண்றது?"

"கியர் பாக்ஸ் வராது."

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார், சரியாக விழாதது போல. அவள் திரும்பவும் சொன்னாள். "வராதுங்க. செய்யறவங்க நிறுத்திட்டாங்க. எனக்கே செவ்வாக்கெழமதான் தெரியும். அதுக்கு முன்னாடி நான் விசாரிச்சிருக்கணும், விசாரிக்கல. சொல்லச் சொன்னதச் சொன்னேன். நீங்க காத்திருக்காதீங்க."

கொளஞ்சியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகம் துடைத்தார். பிறகு கழுத்து. பிறகு கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத ஐப்பசியிலயே சொல்லியிருந்தா," என்றார், "பெண்ணாடத்துல ஒரு மெக்கானிக்கு வேற வண்டியோட கியர் பொட்டிய மாத்திப் போட்டுத் தரேன்னான். கம்பெனி வண்டிய வெளில குடுக்கக் கூடாது, வாரண்டி போயிடும்னு இருந்துட்டேன். அவ பஸ்ஸுலயே போயி வந்துக்கிட்டு இருக்கா."

"என் பேரு அப்படியே இருக்கட்டும் மாமா. எடுக்க வேணாம்."

"ஏன், கெடந்து சாவப் போறியா?" முதல் தடவையாக அவர் குரல் கடுத்தது. "நான் கேட்டது பதிலு. அது வந்துடுச்சி. நல்ல பதிலு இல்ல, ஆனா வந்துடுச்சி. இனிமே ஒன்ன வேல்ல கட்டி வச்சி எனக்கு என்னாத்துக்கு?"

அவரே போய் ராஜினாமா எழுதினார். எழுத்துக் கூட்டி எழுத நேரம் பிடித்தது. அவளுடைய ஊரையும் தகப்பன் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். முடிந்து வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கோயில் வாசலில் பஸ்ஸுக்காக நின்றார்கள். அவளுக்கு ஸ்கூட்டி இருந்தது, ஆனாலும் நின்றாள்.

"எங்க மேனேஜருக்கு இது தெரிஞ்சா திட்டுவாரு," என்றாள்.

"தெரியத்தான் தெரியும். பெண்ணாடத்து ஆள இட்டாந்து வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டுப் போறப்ப தெரியாமப் போயிடுமா? ஏம்மா, வண்டிய வெளில வுடுவாங்களா? கையெழுத்து, அது இதுன்னு நிறுத்துவாங்களே."

"கேட்டுச் சொல்..." என்று அவள் வாய் தானாக ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டாள். யாரைக் கேட்பது, அவர்கள் யாரைக் கேட்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு இப்போது தெரியும்.

"நாளைக்குக் காலையில ஷோரூம் தொறக்கறதுக்கு முன்னாடி வந்துடுங்க மாமா," என்றாள். "பின்பக்கத்து கேட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்குது. நானே தொறந்து வுடறேன்."