நேர்ந்துவிட்ட முடி

எடை மிஷின் ஐரீனுக்குப் புதிதல்ல. காசிமேட்டில் மீன் விற்கிறவள். கையில் தூக்கியதுமே வஞ்சிரம் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் மகள் ஜானட் ஏறி நின்ற மிஷின் நாற்பத்தெட்டு கிலோ வரம்புக்கு மேல் நூறு கிராம் காட்டியதும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் என்றால் பேரம் பேசலாம். மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியில் யாரிடம் பேசுவது?

மருந்துக்கடை வேலையை உதறிவிட்டு வியாசர்பாடி பாக்ஸிங் கிளப்பே கதியென்று கிடந்தவள் ஜானட். போன இரண்டு வருஷமும் அடிவாங்கித் தோற்று வந்தாள். "மூஞ்சிய ஒடச்சிக்கினு வந்தா எவன் கட்டுவான்?" என்று ராயபுரமே கேட்டது. ஊர் வாய்க்கு வேறு என்ன வேலை? இந்தத் தடவை ஜெயித்தால் ரயில்வே வேலைக்கு வழி உண்டு. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும்.

நேற்றிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஓடியும் பார்த்துவிட்டாள். வேர்ப்பதற்கு உடம்பில் ஒன்றுமில்லை. எடை பார்க்கும் நேரமோ முடியப்போகிறது.

கோச் மஜீதின் கண் ஜானட்டின் கனத்த பின்னல்மேல் விழுந்தது.

"அக்கா, முடிய வெட்டினா வெயிட்டு சரியாப்பூடும். இன்னா சொல்றே?"

ஐரீன் அந்தப் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "அது மாதாவோடது மாஸ்டர். எம்பொண்ணு ஜெயிச்சா வேளாங்கண்ணிக்கு இட்டுகினு போயி மொட்ட போடறேன்னு நேந்துகினு கீறேன். அதுக்கோசரம் கத்திரியே படாம வளத்தது. சாமிக்குன்னு வுட்டத நாம தொடலாமா?"

"ஜெயிக்கத்தான நேந்துகின? இப்ப அதாலயே பொண்ணு ரிங்குல ஏற முடியாம நிக்கிது."

மாதாவும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே, பொறுத்துக்கொள்வாள் என்றது ஒரு மனம். சாமி சொத்தைத் திருடுகிறாயே என்றது இன்னொரு மனம்.

"யம்மா, நீ வேணான்னா வூட்டுக்குப் பூடலாம். சொல்லு" என்றாள் ஜானட். உதடு வெடித்திருந்தது.

ஐரீனால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, வெட்டு என்றும் சொல்ல முடியவில்லை. அழத்தான் முடிந்தது. ஜானட் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மாஸ்டரின் டேப் வெட்டும் கத்திரியை வாங்கித் தன் கையாலேயே பின்னலை அறுத்தாள். மிஷின் அவளை ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் சண்டை. எதிராளி நெட்டைப் பெண். கை நீண்டுகொண்டே வந்தது. இரண்டாவது ரவுண்டில் தாடையில் ஒன்று வாங்கி ஜானட் கீழே சாய்ந்தாள். நடுவர் எண்ணத் தொடங்கினார்.

ஐரீன் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து சொன்ன ஜெபத்தில் அடுத்த வார்த்தை வரவில்லை. கொடுப்பதாகச் சொன்னதை அறுக்கவிட்ட பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

ஜானட் ஒரு முழங்காலை ஊன்றினாள்.

"ஏந்திரிடி!" என்று கத்தினாள் ஐரீன். கூட்டத்தின் கூச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.